கையெழுத்துப் போடச் சொன்னால்

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் ஓர் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. ஒரு பக்கம், தங்கள் ஊரை இழிவுபடுத்துவதாக ஒரு நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்திக் காட்டிவிட்டு வந்தவர்கள். மறுபக்கம், 2010இல் வெளிவந்த அந்த 'மாதொருபாகன்' நாவலை எழுதிய குற்றத்துக்காக, நாமக்கல் அரசு கலைக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் பெருமாள்முருகன். நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று தாளில் எழுதினார்கள். அவரும் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அதன்பின் அவரே பேஸ்புக்கில் அறிவித்ததும், சென்னைக்கு இடமாறுதல் வாங்கிக்கொண்டு போனதும் நாடறிந்த கதை.

அவ்வளவாகப் பேசப்படாத பகுதி அடுத்த ஆண்டு நடந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்புச் சொன்னது. நாவலுக்குத் தடை இல்லை. அதோடு, அந்தப் பேச்சுவார்த்தைத் தாள் எழுத்தாளரை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. இப்படிப்பட்ட பிரச்சினைகளில் அதிகாரிகளுக்கு வழிகாட்ட, கலை இலக்கியம் அறிந்தவர்களைக் கொண்ட நிபுணர் குழுவை அரசு அமைக்க வேண்டும் என்றும் சொன்னது.

காவிரிக்கு இக்கரையில், திருப்பூரில் இருக்கும் நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் 'உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்' என்பது நம் ஊரின் நடைமுறைச் சட்டம். பீஸ் ரேட்டு, போனஸ், ஜாப் ஒர்க் பாக்கி எல்லாம் அப்படித்தான் முடிகின்றன; பல நேரம் நன்றாகவே முடிகின்றன. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம பலத்தில் இருந்தால் அது பேச்சுவார்த்தை. ஒருவர் மட்டும் இறங்கிப் போக வேண்டியிருந்தால் அதற்கு வேறு பெயர்.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். 2018 ஜூலையில் அவிநாசி தாலுகா திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியலினத்தைச் சேர்ந்த சத்துணவு சமையலர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிர்வாகம் முதலில் எடுத்த நடவடிக்கை அந்த அம்மாவை இடம் மாற்றியதுதான்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நடுவில் ஏழு ஆண்டுகள். பள்ளியோ கல்லூரியோ, பாதிக்கப்பட்டவரை நகர்த்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

கல்லூரிக்கு வருவோம். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி, சுற்றியுள்ள தனியார் கல்லூரிகள் பலவும் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நின்று கல்லூரிக் கட்டணம் கட்டும் பிள்ளைகளும், தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்களும், சில நேரம் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. இங்கே கல்விச் சுதந்திரம் என்பது பெரும்பாலும் நாவலில் வந்து நிற்காது, புராஜெக்ட் தலைப்பில் வந்து நிற்கும். சாயக்கழிவும் நொய்யல் ஆறும், அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, மில்களில் இளம்பெண்களை ஒப்பந்தத்தில் அமர்த்தும் சுமங்கலித் திட்டம், வடமாநிலத் தொழிலாளர் விடுதிகள் என்று ஒரு மாணவி தலைப்போடு வந்தால், "இதெல்லாம் எதுக்கும்மா, வேற எடு" என்பது எளிதான பதில். ஆனால் சாயக்கழிவு விவகாரத்தில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நீதிமன்றம் விசாரித்து எழுதிவைத்த விஷயத்தைக் கல்லூரி மாணவி எழுதக் கூடாதா?

எழுதலாம். நம் அரசமைப்பில் கல்விச் சுதந்திரம் என்று தனிப் பிரிவு கிடையாது. பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவுதான் துணை, 19(2) சொல்லும் கட்டுப்பாடுகளும் கூடவே உண்டு. அவதூறு அதில் ஒன்று. அதனால் தீர்ப்பு, அரசு அறிக்கை, தகவல் உரிமைச் சட்டப் (ஆர்.டி.ஐ.) பதில் ஆகியவற்றின் மேல் நின்று எழுதுவது பாதுகாப்பு. பேட்டி கொடுத்த தொழிலாளியின் பெயரையும் கம்பெனியையும் மறைத்து எழுதுங்கள். உங்களுக்கு மார்க் வரும், அவருக்கு வேலை போய்விடக் கூடாது. தலைப்பை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று, பேச்சையும் எழுத்தையும் கட்டுப்படுத்தும் ஒரு கூடுதல் சுமை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தச் சுதந்திரத்தைச் சாக்காக வைத்து யாரையும் இழிவுபடுத்த முடியாது. 2022இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, நான்கு பெயர்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சாதி ஒடுக்குமுறை எப்படி உருவானது என்று கேட்டிருந்தால் அது வரலாறு. கேட்கப்பட்ட கேள்வியோ, தேர்வு அறையில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் சிலரை நோக்கி விரல் நீட்டியது. வகுப்பில் கடவுளை, கட்சியை, சாதியமைப்பை, காந்தியை, பெரியாரை என எதை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவரை 'இந்திக்காரன்' என்றோ, 'கோட்டா' என்றோ விளிப்பதை விவாதம் என்று நான் ஏற்க மாட்டேன். சட்டமும் ஏற்காது.

2012இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த சமத்துவ விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். வகுப்பில் சாதியையோ இடஒதுக்கீட்டுப் பிரிவையோ சொல்லிக் கூப்பிடுவது, மதிப்பெண்ணில் கைவைப்பது, விடுதியில் தனியே உட்காரவைப்பது எல்லாம் இதில் வரும். புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் முதல்வரிடம் மேல்முறையீடு செய்யலாம். 2026 ஜனவரியில் வந்த புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. கட்டணம், சான்றிதழ், மதிப்பெண் போன்ற மற்றக் குறைகளுக்கு யுஜிசியின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பாலியல் தொந்தரவு என்றால் உள்ளகப் புகார்க் குழு. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ராகிங்குக்கு 1800-180-5522. பட்டியலின, பழங்குடியினரைப் பலர் பார்க்கச் சாதி சொல்லித் திட்டினால் அது போலீஸ் வழக்கு, 14566க்கும் சொல்லலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100.

உங்கள் கல்லூரியில் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார்? ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அரசுக் கல்லூரி என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர் யார் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், கூடவே ஈமெயில். அதன்பிறகு 'சும்மா பேசலாம்' என்று கூப்பிடுவார்கள். தனியாகப் போக வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆசிரியரையோ வக்கீலையோ அழைத்துப் போங்கள். தாளை நீட்டினால் வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நகல் கேளுங்கள். தரவில்லை என்றால், கூட்டத்தில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று அன்று ராத்திரியே முதல்வருக்கு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? எந்தச் சூழலில் போட்டீர்கள் என்பதையும் உடனே எழுதி அனுப்பிவிட்டு, பெருமாள்முருகன் வழக்கின் 2016 தீர்ப்பைச் சட்டப் பணிகள் வக்கீலிடம் சொல்லுங்கள்.