பாட்டன் துப்பாக்கியும் பெயரன் தோளும்

வேதாகமத்தில் யாவரும் அறிந்த நிகழ்ச்சியொன்று உண்டு. கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் மன்னன் தன் கவசத்தையும் வெண்கலத் தலைச்சீராவையும் அணிவித்தான். அவற்றைப் பூண்டு நடந்து பார்த்த தாவீதோ, பழக்கமில்லாத இவற்றோடு தன்னால் செல்ல இயலாதென்று களைந்து வைத்துவிட்டுக் கவணும் ஐந்து கூழாங்கற்களுமாகக் களம் புகுந்தான். கருவியின் சிறப்பு வேறு. அஃது ஏந்துவோனுக்குப் பொருந்துதல் வேறு. அரசன் கவசமேயாயினும் ஆயன் உடலுக்கு அளவன்றேல் அது சுமையே. இவ்வுண்மையை நன்கு விளக்கவல்ல தொழிலொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்களில் நிகழ்ந்து வருகின்றது. குடும்பத்தில் வழிவழி வந்த பழைய துப்பாக்கியைச் செப்பனிட்டுச் சிறுவன் ஒருவனது அளவிற்குக் குறைத்துத் தருதலே அது. அதனைப் பற்றிச் சில சொல்லப் புகுகின்றோம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாதலின், இவ்வழக்கம் நம்மில் பலர்க்கு வியப்பளிக்கலாம். அந்நாட்டிலோ வேட்டையும் குறிபார்த்துச் சுடுதலும் நாட்டுப்புற வாழ்க்கையின் பகுதிகளாய் நெடுநாள் இருந்து வந்தமையால், பாட்டன் துப்பாக்கி பெயரன் கைக்கு வருதல் சொத்து வருதல் போன்றதோர் உரிமையாகக் கருதப்படுகின்றது. அவ்வழக்கம் நன்றோ தீதோ என்பதைப் பின்னர்ப் பார்ப்போம். முதற்கண் தொழிலை அறிவோமாக.

எடுத்துக்காட்டாக ஒரு துப்பாக்கியைக் கொள்வோம். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இருந்த வின்செஸ்டர் தொழிற்சாலையார் 1934 முதல் 1963 வரை செய்து விற்ற 67-ஆம் மாதிரி என்பது அது. உழவர் வீடுகள் பலவற்றில் கதவுமூலையில் சார்த்தி வைக்கப்பெற்ற எளிய கருவி; ஒருமுறைக்கு ஒரு தோட்டாவே கொள்வது; .22 அங்குல விட்டமுடைய சிறு தோட்டாவை எறிவது. இதன் குழல் 27 அங்குலம். சிறுவர்க்கென்றே 20 அங்குலக் குழலும் குறுகிய கட்டையும் உடைய வேறொரு வகையையும் அத்தொழிற்சாலையாரே செய்தனர். எனவே, பெரிய வகையைச் சிறுவனுக்காகக் குறைக்க விழைவார்க்கு வழிகாட்டி முன்னரே உண்டு.

இத்தகைய துப்பாக்கியை ஆங்கிலத்தில் ரைபிள் என்பர். குழலின் உட்புறத்தே திருகுசுரி போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருத்தலின் அப்பெயர் பெற்றது. அப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்றல் போலச் சுழலும் குண்டும் நிலை தடுமாறாது செல்கின்றது. குழலும், அதன் பின்வாயை அடைக்கும் தாழ்க்கோலும், விசையும் எஃகினால் ஆனவை. அவற்றைத் தாங்கித் தோளோடு பொருந்துவது மரக்கட்டை. செப்பனிடுதல் பெரும்பாலும் எஃகைப் பற்றியது; அளவு குறைத்தல் பெரும்பாலும் மரத்தைப் பற்றியது.

செப்பனிடுவோன் முதலிற் செய்வது, உள்ளே தோட்டா இல்லையென்று தன் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல். ஐம்பது ஆண்டு பரணில் கிடந்ததாயினும், பிறர் பார்த்துவிட்டோம் என்றாராயினும், இதனை விடுதல் ஆகாது. பின்னர், அடியிலுள்ள ஒரு திருகாணியைக் கழற்றிய அளவிலேயே குழலும் கட்டையும் வேறாகும்.

அடுத்துக் குழலின் உட்புறத்தை ஆராய்வர். பழைய குழல்கள் பலவற்றுள் அம்மைத்தழும்பு போன்ற குழிகள் காணப்படும். அதற்குக் காரணம் பொதுவாகக் கருதப்படுவதுபோல வெறும் ஈரமன்று. 1920-களின் பிற்பகுதி வரையில் தோட்டாவின் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு பெரிதும் சேர்க்கப்பட்டது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையலுப்பைப் போன்றே காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகை அரிக்கும். எண்ணெய் இதனைக் கரைக்காது, நீரே கரைக்கும். ஆகவே எண்ணெய் மட்டும் இட்டுத் துடைத்து வைத்த கவனமுள்ளோர் குழலும் அரிக்கப்பட்டது. அம்மருந்து ஒழிந்து அரிக்காத மருந்து வழக்கிற்கு வந்த பின்னரும், வீட்டிலிருந்த பழைய தோட்டாக்கள் தீரும்வரை இத்தீங்கு தொடர்ந்தது. குழிகள் சிலவாயின் குழலைத் துலக்கிப் பயன்படுத்தலாம். வெடிப்போ வீக்கமோ, தாழ்க்கோல் இறுகப் பொருந்தாமையோ காணப்படின், கற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டி அவர் கூறுவதற்கு அடங்குதலே அறிவுடைமை. அவர் ஆகாதென்றால் அத்துப்பாக்கி சுவரில் தொங்குவதற்கன்றி வேறெதற்கும் ஆகாது.

குழலின் வெளிப்புறத்துக் கருநீல நிறம் வண்ணப்பூச்சன்று. அஃது எஃகின் மேல் வேண்டுமென்றே உண்டாக்கிய துருவின் ஒருவகை. செந்துரு உரிந்து உரிந்து எஃகைத் தின்னும். கருந்துருவோ இறுகப் பற்றி எண்ணெயைத் தாங்கி எஃகைக் காக்கும். செந்துருவைக் கொதிநீரில் இட்டால் அது கருந்துருவாக மாறும். பழைய முறையில், மருந்துநீர் தடவித் துருவேற விட்டு, நீரில் கொதிக்க வைத்து, மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து, இவ்வாறு பன்முறை செய்து நிறமேற்றுவர். பகையையே காவலாக்கும் இம்முறை சிந்திக்கத்தக்கது. ஆயினும், பாட்டன் கைபட்டுத் தேய்ந்த இடங்களையெல்லாம் புதிதாக மெருகேற்றுதல் வேண்டா என்பது எம் கருத்து. எண்ணெயிட்டு நுண்ணிய எஃகுப் பஞ்சினால் மெல்லத் தேய்த்துச் செந்துருவை மட்டும் போக்கினால் போதும். தேய்மானம் குற்றமன்று, அது குடும்பத்தின் கையெழுத்து.

மரக்கட்டை அக்ரோட்டு மரத்தாலானது. அதில் விழுந்த அமுங்கல்களை நிமிர்த்த எளிய வழியுண்டு. நனைந்த துணியை அமுங்கிய இடத்தின்மேல் இட்டுச் சூடேறிய தேய்ப்புப் பெட்டியை அதன்மேல் வைத்தால், நீராவி உட்புகுந்து நசுங்கிய நார்களைப் பொங்கி எழச் செய்யும். மரம் நசுங்கிய இடத்திற்கே இது பயன்படும். பெயர்ந்து போன இடத்திற்குப் பயன்படாது. பின்னர் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பலநாள் தேய்த்து உலரவிடுவர். அவ்வெண்ணெய் காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து இறுகுவது. அவ்வாறு இறுகும்போது வெப்பம் உண்டாதலின், எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி எறிந்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துதல் வேண்டும்.

இனி அளவு குறைத்தலுக்கு வருவோம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடுவரை உள்ள தொலைவே முதன்மையான அளவு. வளர்ந்தோர்க்கு அஃது ஏறத்தாழ 13½ முதல் 14 அங்குலம். எட்டு ஒன்பது வயதுச் சிறுவனுக்கு 11 அல்லது 12 அங்குலம் வேண்டியிருக்கும். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதற்கணுவரை அளந்து பார்த்தால் தோராயமான அளவு கிடைக்கும். கட்டை நீண்டிருப்பின், சிறுவன் அதனைத் தோளில் பொருத்த இயலாமல் கக்கத்திற் செருகுவான். முன்பாரத்தைத் தாங்க முதுகைப் பின்னே வளைப்பான். கண் குறிக்கு நேராக வாராது. கை நடுங்கும், துப்பாக்கி முனை தான் விரும்பிய திசையில் திரியும். ஆகவே அளவு பொருந்துதல் குறிதவறாமைக்கு மட்டுமன்று. அருகில் நிற்போர் உயிருக்கும் காப்பாகும்.

குறைக்கும் முறை இது. பின்முனையிலுள்ள தகட்டைக் கழற்றி, வெட்டும் கோட்டைச் சுற்றிப் பசைத்தாள் ஒட்டி, நுண்பல் வாளினால், பழைய முனையின் சாய்வு மாறாதபடி இணையாக அறுப்பர். சாய்வு மாறினால் துப்பாக்கி தோளில் நில்லாது வழுக்கும். கட்டை முன்னோக்கிச் சிறுத்து வருதலின், அறுத்த முகம் பழைய தகட்டினும் சிறிதாய் இருக்கும். தகட்டைத் தேய்த்துக் குறைத்தல் தவறு. அதனைப் பத்திரப்படுத்திப் புதியதொன்று பொருத்துதலே முறை. அறுத்தெடுத்த துண்டையும் எறியலாகாது. அதனை இரண்டு வில்லைகளாக்கி வைத்திருந்தால், சிறுவன் வளர வளர ஒவ்வொன்றாக இடைவைத்து நீண்ட திருகாணிகளால் முடுக்கலாம். வாளின் பல் தின்ற சிறிதளவு மரமே குறையும், மற்றெல்லாம் மீளும்.

பழைய கட்டையை அறுக்க மனம் வாராதார்க்கு வேறொரு வழியும் உண்டு. அதனை அப்படியே உறையிட்டு வைத்துச் சிறுவனுக்கெனப் புதியதோர் சிறு கட்டையைச் செதுக்கிக் கொள்ளலாம். உழைப்பு மிகுதியாயினும் இதுவே சிறந்ததென்போம். மூதாதையர் பொருளை மாற்றுவோர், பின்வருவோர் அம்மாற்றத்தை நீக்கிக் கொள்ள வழிவிட்டுச் செல்லுதல் கடமையன்றோ?

குழலை அறுத்தல் இதனினும் பெரிய செய்கை; மீட்க இயலாதது. முன்பாரம் குறையும் என்பது உண்மையே. ஆயின் குழல்வாயின் விளிம்பு சிறிது கோணினும் குண்டு கோணிச் செல்லுமாதலின், அறுத்தபின் அவ்விளிம்பைக் கருவிகொண்டு செவ்விதாக்க வேண்டும். குறிமுனையையும் மீண்டும் பொருத்த வேண்டும். அன்றியும், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டமும் அதன் திருத்தங்களும் எல்லை வகுத்துள்ளன. 16 அங்குலத்திற்குக் குறைந்த குழலோ, 26 அங்குலத்திற்குக் குறைந்த முழுநீளமோ உடைய ரைபிளை, முன்னரே அரசினரிடம் பதிந்து ஒப்புதல் பெறாமல் ஆக்குவது பெருங்குற்றம். சிறுவனுக்காகச் செய்தோம் என்னும் சொல் அங்கே செல்லாது.

இதுகாறும் கூறியவை கை நீளத்தைப் பற்றியன. இனி வலிமையைப் பற்றி ஒன்று. 67-ஆம் மாதிரியில் தோட்டாவை இட்டுத் தாழ்க்கோலை அடைத்த அளவில் அது சுடத் தயாராகிவிடாது. பின்னுள்ள குமிழைக் கையால் இழுத்து நிறுத்தினால்தான் விசை வேலை செய்யும். அதன் வில் வலியது. சிறு பிள்ளைகளின் விரலுக்கு எளிதில் இணங்காது. இதனைக் குறையென்று எண்ணி வில்லைத் தளர்த்துவோரும் உளர். அவ்வாறே விசையை இலேசாக்குவோரும் உளர். இரண்டும் தகா. மரத்தைக் குறைக்கலாம், காவலைக் குறைத்தல் கூடாது. குமிழை இழுக்க வலிமையில்லாத பிள்ளை, அதனை இழுக்கும் காலம் வரும்வரை காத்திருத்தலே நேரிது. தொழிலாளி செய்யாமல் விடுவதும் தொழிலின் ஒரு பகுதியே.

மூன்றாவது அளவு அறிவின் அளவு. அதனை அளக்க முழக்கோல் இல்லை. இவ்விடத்தே ஒரு கொடிய உண்மையை மறைத்தல் தகாது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர் இறப்பிற்குக் காரணமானவற்றுள் துப்பாக்கிக் காயமே முதலிடம் பெற்றது. அவற்றுட் பல பிறர் செய்த கொலைகள், பல தற்கொலைகள், சில வீட்டிலேயே விளையாட்டாக நேர்ந்த விபத்துகள். அழகுறச் செப்பனிட்டுப் பிள்ளையின் அளவிற்கே அமைத்த துப்பாக்கி, பிள்ளை தானாகவே எடுத்துச் சுடுவதற்கும் எளிதாயிற்று என்பதை அமைத்தவர் மறத்தலாகாது. பொருந்தாத கருவி பிள்ளையை ஓரளவு தடுத்தது. பொருந்திய கருவி தடுக்காது. அத்தடையை இனித் தந்தையே பூட்டாக நின்று தரவேண்டும். துப்பாக்கி ஒரு பெட்டியிலும் தோட்டா வேறொரு பெட்டியிலும் பூட்டப்பட்டுத் திறவுகோல் பெரியோர் கையில் இருத்தல் வேண்டும். பிள்ளை சுடும்போதெல்லாம் பெரியவர் ஒருவர் கையெட்டும் தொலைவில் நிற்றல் வேண்டும். .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் ஈயமாதலின், சுட்டபின் கைகழுவாமல் உண்ணுதல் கூடாது. ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு செய்வது.

அங்ஙனமாயின் இவ்வழக்கத்தையே விடுதல் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். துப்பாக்கியில்லாத வீடு பிள்ளைகளுக்குக் காப்பானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்நாட்டு வீடுகளில் அக்கருவி இருந்து வருகின்றது. இருக்கும் கருவியைப் பிள்ளைக்குக் காட்டாது கதவுமூலையில் சார்த்தி வைத்தலினும், அதன் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிக் காட்டி, அஃது என்ன செய்யவல்லது என்று அறிவித்துப் பூட்டி வைத்தல் மேலென்று கருதுகின்றோம். பழைய துப்பாக்கியைத் தந்தையும் மகனும் ஒருங்கிருந்து செப்பனிடும் அந்தச் சில வாரங்களே, அது சுடப்படும் நாளினும் மகனுக்குப் பெரிய பாடமாகலாம். துரு போக்கும் பொறுமையும், அளந்தபின் அறுக்கும் நிதானமும், அறுத்ததைக் காத்து வைக்கும் நன்றியும் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

தாவீது கவசத்தைக் களைந்தபோது சவுல் சினந்ததாக நாம் படித்திலேம். அதுபோல, எல்லாம் அளவாக அமைத்து முடித்தபின்னரும், "இப்போது வேண்டா, அப்பா" என்று பிள்ளை சொல்லுமாயின், அச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்து பெட்டியைப் பூட்டும் தந்தையே தன் பிள்ளையின் அளவை உள்ளபடி அறிந்தவராவர்.