'படே கா', 'சோட்டே கா': பழைய தில்லி கபாப் கடையின் முதல் கேள்வி

தில்லி ஜும்மா மசூதியின் தெற்கு வாயிலில் இறங்கி மட்டியா மஹால் கடைவீதிக்குள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது கரிப்புகைதான். கொத்திய இறைச்சியை மசாலாவுடன் பிசைந்து, ஈரக் கையால் இரும்புக் கம்பியில் படியவைத்து, தணல்மேல் வரிசையாக அடுக்கி, ஒரு கையால் விசிறியபடியே மறு கையால் திருப்பிப் போடுகிறார்கள். 'சீக்' என்றால் கம்பி. அதனால் இது சீக் கபாப். வெந்ததும் கம்பியிலிருந்து உருவி, வெங்காயம், பச்சைச் சட்னி, கைக்குட்டைபோல் மெல்லிய ரூமாலி ரொட்டி ஆகியவற்றுடன் தட்டில் வைத்துத் தருகிறார்கள்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடரின்போது அவை இரவு வரை நீளும் நாள்களில், இந்த வீதியின் சிறு கடை ஒன்றுக்குச் செல்வது இக்கட்டுரையாளரின் நெடுநாள் வழக்கம். நான்கு பெஞ்சுகள்தான். விலைப்பட்டியல் கிடையாது. உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி: 'படே கா'வா, 'சோட்டே கா'வா? பெரியது என்றால் எருமை. சின்னது என்றால் ஆடு. பெரியதன் விலை மிகவும் குறைவு. ரிக்ஷா இழுப்பவரும் மூட்டை தூக்குபவரும் மாணவர்களும் கேட்பது அதைத்தான். சுவையிலும் அதற்கே என் வாக்கு. கரி மணத்தை அது தாங்குவதுபோல் ஆட்டிறைச்சி தாங்குவதில்லை.

இந்த உணவுக்கு எல்லைக்கோடு பொருந்துவதில்லை. இங்கிருந்து நடக்கும் தொலைவில் இருக்கும் கரீம் உணவகம் 1913-இல் தொடங்கப்பட்டது. முன்னோர் முகலாய அரண்மனைச் சமையற்காரர்கள் என்பது அக்குடும்பத்தாரின் கூற்று. இன்னொரு பக்கம் தரியாகஞ்சில், பெஷாவரிலிருந்து பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் 1947-இல் மோத்தி மஹாலைத் தொடங்கித் தந்தூரி அடுப்பைத் தலைநகரின் விருந்து மேசைக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் தில்லியிலிருந்து கராச்சிக்குப் போனவர்கள் அங்குள்ள பர்ன்ஸ் ரோட்டில் நிஹாரியும் கபாபும் விற்கத் தொடங்கினர். பாகிஸ்தான் கபாப், வட இந்தியக் கபாப் என்று பிரித்துப் பேசுவது இந்த வீதியில் எடுபடாது.

எடுபடும் பிரிவு, படேவும் சோட்டேவும்தான். அந்தக் கேள்வி இன்று வெறும் விலைக் கேள்வியாக இல்லை.

சட்டத்தில் குழப்பமில்லை. தில்லியின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை வெட்டுவதையும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதையும் தடுக்கிறது. எருமை அத்தடையில் இல்லை. மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் 2009-இல் ஈத்காவிலிருந்து காஜிப்பூருக்கு மாறியது. எருமைகள் அங்கே முறைப்படி வெட்டப்படுகின்றன. இறைச்சிக் கடைக்காரர்களான குரேஷி சமூகத்தினர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-இல் பசுவதைத் தடையை ஏற்றது. ஆனால், பயன் தீர்ந்த எருமைக்கும் முழுத் தடை விதிப்பது பொதுநலன் ஆகாது என்றது. அது ஏழைகளின் மலிவான உணவு என்பதையும் கருத்தில் கொண்டது.

சிக்கல், சட்டத்துக்கும் சந்தேகத்துக்கும் இடையில் இருக்கிறது. 2015 செப்டம்பரில், தில்லிக்கு அருகே தாத்ரி வட்டாரத்தின் பிசாடா கிராமத்தில், பசு இறைச்சி வைத்திருந்தார் என்ற வதந்தியால் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, நாடாளுமன்றத்துக்கு அதிகத் தொலைவில்லாத கேரள இல்லத்தின் உணவகத்துக்குள் ஒரு புகாரின்பேரில் தில்லி போலீஸார் நுழைந்தனர். அங்கே சமைக்கப்பட்டது எருமை இறைச்சி என்று கேரள அரசு விளக்க வேண்டியதாயிற்று. அன்றைய முதல்வர் உம்மன் சாண்டி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாநில அரசின் விருந்தினர் இல்லத்துக்கே இந்த நிலை என்றால், நான்கு பெஞ்சு கடைக்கு எழுதுவதற்கு எந்த முதல்வர் இருக்கிறார்?

பின்னர் அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவாக அமைந்த பசுப் பாதுகாப்பை அரசியல் நிர்ணய சபை விவாதித்தது, 1948 நவம்பர் 24 அன்று. ஐக்கிய மாகாண உறுப்பினர் இசட்.எச். லாரி அன்று பெரும்பான்மையினரின் உணர்வுக்குக் குறுக்கே நிற்கவில்லை. எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், தெளிவின்மைதான் உறவைக் கெடுக்கும் என்பதே அவர் வாதம். அவை ஆவணங்களில் இன்றும் வாசிக்கத் தகுந்த சிறு உரை அது.

அந்தத் தெளிவின்மையின் விலையை 2017-இல் லக்னௌ கண்டது. மார்ச் மாதம் யோகி ஆதித்யநாத் அரசு பதவியேற்றதும் உரிமமில்லாத இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டன. உரிமம் வழங்குவதும் புதுப்பிப்பதும் உள்ளாட்சிகளின் பொறுப்பு. அதை அவை நிறைவேற்றாததால் உரிமம் இழந்தவர்களும் இதில் சிக்கினர். 1905-இல் சௌக் பகுதியில் தொடங்கிய, எருமை இறைச்சிக் கபாபுக்குப் பெயர்பெற்ற துண்டே கபாபி கடை, சரக்கு வராமல் சிறிது நேரம் மூடப்பட்டு, பிறகு ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் மாறியது. உணவுத் தேர்வு வாழ்வுரிமையோடு தொடர்புடையது என்று அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னௌ அமர்வு ஏப்ரலில் கூறியது. மே மாதம், உரிமம் கோருவோரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க உத்தரவிட்டது.

அதே மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள், இறைச்சிக்காகச் சந்தையில் கால்நடை விற்பதைத் தடுத்தன. 'கால்நடை' என்பதில் எருமையும் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. மட்டியா மஹால் கபாபுக்கு மதுரையிலிருந்து கிடைத்த நிவாரணம் அது.

எல்லாம் எழுத்தில் வருவதுமில்லை. 2022 ஏப்ரல் நவராத்திரியின்போது இறைச்சிக் கடைகளை மூட வேண்டும் என்று தெற்கு தில்லி மேயர் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். முறையான உத்தரவு பிறப்பிக்கப்படும் முன்பே, அச்சத்தால் பல கடைகள் கதவடைத்தன.

இன்னொரு பக்கம், எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று இந்தியா. 2023-24-இல் மட்டும் அதன் மதிப்பு 370 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்தினுடையது. கப்பலேறும் எருமைக்கு வாணிப அமைச்சகத்தின் புள்ளிவிவரத்தில் மதிப்பான இடம் இருக்கிறது. கம்பியில் ஏறும் எருமைக்கோ, கடைக்காரரின் கல்லாப்பெட்டியில் காஜிப்பூர் ரசீது ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் எவரும் அதைக் கேட்பதில்லை. அன்றைய ரசீது வந்து சேரும்வரை அடுப்பை மூட்டுவதில்லை என்கிறார் அவர்.