ஏரிக்கரையிலிருந்து கல்லூரி அலுவலகம் வரை
செஞ்சி வட்டாரத்து இருளர்: அன்றும் இன்றும்

சீயமங்கலம் என்றதும் நினைவுக்கு வருவது முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த தூணாண்டார் குடைவரையும், பக்கத்துப் பாறையில் உள்ள சமணச் சிற்பங்களும்தான். பார்க்க வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத் தேசூர் வழியாகவோ செஞ்சி வழியாகவோ திரும்பிவிடுவார்கள். இந்த வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் குடிசை போட்டு வாழும் இருளர் குடும்பங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 7.95 லட்சம் பேர். அதில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம். இவ்வளவு பேர் இருந்தும், இந்தச் சமூகத்துப் பிள்ளை ஒன்று கல்லூரியில் சேர்ந்தால் இன்றைக்கும் அது ஊர்ச்செய்தி. அதற்கான காரணத்தைக் காட்டில் தேட வேண்டாம், அலுவலக மேசைகளில் தேடினால் போதும்.

அளவெடுத்த காலம்

படித்தவர் உலகத்துக்கும் இருளருக்கும் இருந்த பழைய உறவு, அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் உள்ள உறவு. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். இருளரும் அதில் உண்டு. மூக்கின் நீள அகலத்தை அளந்து மனிதர்களை வகைப்படுத்திய காலம் அது. அளந்தவர்கள் புத்தகம் எழுதினார்கள். அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நெல்வயலில் எலி வளை தோண்டினார்கள், பாம்பு பிடித்தார்கள், மூலிகை பறித்தார்கள். பிறகு முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். குடும்பம் சூளைக்குப் போனால் பிள்ளையும் சூளைக்குத்தான் போக வேண்டும். பள்ளியில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது.

சான்றிதழ் என்ற மதில்

இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் தேவையான பழங்குடி இனச் சான்றிதழை முன்பு தாசில்தாரே கொடுத்துவந்தார். 1989 நவம்பர் முதல் அந்த அதிகாரம் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் போனது. பழங்குடி அல்லாதவர்கள் போலிச் சான்றிதழ் வாங்கி இடங்களைப் பறிக்கிறார்கள் என்ற புகார் நாடெங்கும் இருந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கும்படி சொன்னது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் கெடுபிடி முதலில் விழுந்தது உண்மையான பழங்குடியின் தலையில். போலிக்காரனிடம் அடுக்கடுக்காக ஆவணம் இருக்கும். ஏரிக்கரைக் குடிசையில் பட்டாவும் இல்லை, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழும் இல்லை. பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடித்துக் காட்டு என்று விசாரணையில் கேட்டதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சீயமங்கலத்துக்கும் செஞ்சிக்கும் இடையே தூரம் அதிகமில்லை, ஆனால் நடுவே மாவட்ட எல்லை ஓடுகிறது. சீயமங்கலம் திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டம். இங்கே இருப்பவர் செய்யாறு கோட்டாட்சியரிடம் போக வேண்டும். செஞ்சி விழுப்புரம் மாவட்டம். அங்கே இருப்பவருக்குத் திண்டிவனம். வேலை கிடைத்த இடத்தில் குடியேறும் குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் பிறந்திருப்பார்கள். இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கம் போ என்பார்கள், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வா என்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும்.

அன்று சான்றிதழ் வாங்கித் தரும் வேலையைப் பல்கலைக்கழகம் எதுவும் தன் வேலையாக நினைக்கவில்லை. தனிமனிதர்கள்தான் தோளில் சுமந்தார்கள். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகச் சான்றிதழுக்கும் காவல் நிலைய அத்துமீறல்களுக்கு எதிராகவும் ஓயாமல் மனு எழுதினார். வகுப்பறையிலிருந்து ஏரிக்கரைக்கு நடந்துபோன அந்தப் பாதையைத்தான் கல்லூரிகள் போட்டிருக்க வேண்டும்.

திறந்த கதவுகள்

இன்றைய நிலை வேறு. பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் பொதுவாக இருந்த 18 விழுக்காடு இட ஒதுக்கீடு, பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்குத் தனியாக 1 என்று ஆனது. மனுவை இ-சேவை மையத்திலேயே பதிவு செய்யலாம். 2021 நவம்பர் 4 அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முதலமைச்சரே இருளர், நரிக்குறவர் குடும்பங்களின் கையில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்ட் முதல் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இதே திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாதுமலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அவர் மலையாளிப் பழங்குடி. ஆனால் அந்தச் செய்தி எல்லாப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் சொந்தமானது.

இன்றைய மேசை

கதவு திறந்துதான் இருக்கிறது. கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போக ஆள் வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆதார், வங்கிக் கணக்கு, வருமானச் சான்றிதழ், இனச் சான்றிதழ், போனஃபைடு சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் சேர வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்தும் பள்ளிச் சான்றில் வேறு எழுத்துமாகப் பெயர் இருந்தால் மனு நின்றுவிடும். கைப்பேசி அப்பாவிடம் இருக்கும், அப்பா சூளையில் இருப்பார். ஓ.டி.பி. அங்கே போகும், மாணவி கணினி முன்னால் காத்திருப்பாள். சில நிமிடத்தில் அது காலாவதியாகும். பணம் வந்ததா இல்லையா என்று கேட்கக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனால், எந்த ஜன்னலில் கேட்பது என்றே தெரியாது. முதல் பருவம் முடிவதற்குள் அவள் ஊர் திரும்பியிருப்பாள். பதிவேட்டில் அது ‘இடைநிற்றல்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான தனிப் பிரிவு பல்கலைக்கழகங்களில் 1980-களிலேயே வந்துவிட்டது. பல இடங்களில் அது பெயர்ப்பலகையும் கூடுதல் பொறுப்பாக ஒரு பேராசிரியரும்தான். மாறாக, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே தொல்குடி மாணவருக்கென மரபு வழியில் ஒரு நெடுவீட்டை 1993-இல் கட்டியது. அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வைத்தபின், தொல்குடி உறவுக்கென்றே அலுவலர்களை வைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மூத்தோரை அழைப்பது, அவர்களின் பயணத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் ஏற்பாடு செய்வது, மாணவரின் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தேடிப்பிடிப்பது, எல்லாம் சம்பளத்துக்குரிய முழுநேர வேலை.

நம்மால் இதைச் செய்ய முடியாதா? முடியும். பாம்பு பற்றிய இருளரின் அறிவை நம்பித்தான் 1978-இல் தொடங்கிய அவர்களின் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுத்துவருகிறது. அப்படிப்பட்ட அறிவுள்ள மூத்தவரை விலங்கியல் துறையும் தாவரவியல் துறையும் வகுப்பெடுக்க அழைக்கட்டும், உரிய மதிப்பூதியமும் கொடுக்கட்டும். தாத்தாவை ஆசிரியராக மதிக்கும் கல்லூரியில் பேத்தி தலைகுனிந்து நிற்க மாட்டாள்.

மாவட்ட எல்லையின் இந்தப் பக்கம் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் ஒரே வேண்டுகோள்: ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் பழங்குடி மாணவர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை முழுநேரமாக நியமியுங்கள். முடிந்தவரை அந்தச் சமூகத்துப் பட்டதாரியையே நியமியுங்கள். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே அவர் ஏரிக்கரைக்குப் போகட்டும், கிராம நிர்வாக அலுவலரையும் இ-சேவை ஊழியரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களே, உங்கள் ஜன்னலுக்கு முன்னால் ஒரு இருளர் பிள்ளை தயங்கி நின்றால், "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு நாள், அந்த வீட்டில் ஒரு நாள் கூலி.