குடியினின்று மீள்வோர் கூட்டம்

ஊரில் நூலகம் எங்கே என்று கேட்டால் சிறுவனும் வழி காட்டுவான். குடிப்பழக்கத்தினின்று விடுபட விழைவோர் கூடும் இடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கற்றோரும் விழிப்பர். அவ்விடம் அடுத்த தெருவிலேயே இருத்தலும் கூடும். அச்சங்கத்தின் பெயர் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. பெயர் வெளியிடாக் குடிநோயாளர் என்பது அதன் பொருள்; சுருக்கமாக ஏ.ஏ. என்பர். பெயரையே மறைத்துக்கொள்ளும் சங்கத்தைத் தேடி வருவோர் எங்ஙனம் காண்பது? அது பிறந்த வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு.

1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகருக்கு நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் வந்திருந்தார். ஒரு தொழில் நிறுவனத்தின் ஆட்சியைக் கைப்பற்றும் போட்டியில் அவர் தோற்றார். மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்தில் மனம் சோர்ந்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். ஏறத்தாழ ஐந்து மாதங்களாகக் குடியாதிருந்தவர் அவர். அக்காலமெல்லாம் நியூயார்க்கில் குடியர் பலரைத் திருத்த முயன்றார்; எவரும் திருந்தினாரல்லர். ஆயினும் அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த வரையில் தாம் குடிக்கவில்லை என்பது அவர் நினைவில் எழுந்தது. அப்போது தமக்கு வேண்டியவர், அறிவுரை கூறும் சான்றோர் அல்லர், தம்மைப் போன்ற மற்றொரு குடியரே என்று உணர்ந்தார்.

தொலைபேசியை எடுத்தார். பாதிரியார் ஒருவர் சில பெயர்களைத் தந்தார். அவற்றின் வழியே ஹென்ரியெட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரின் தொடர்பு கிட்டியது. அவ்வம்மையார், குடியால் தொழிலும் குடும்பமும் சீர்குலைந்து வந்த பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரை மே 12 அன்று தம் இல்லத்துக்கு வரவழைத்தார். பதினைந்து நிமிடமே இருப்பேன் என்று சொல்லி வந்த மருத்துவர், இரவு நெடுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். அன்றே அவர் திருந்திவிட்டார் என எண்ணற்க. சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சென்றவர் மீண்டும் குடித்துத் தள்ளாடித் திரும்பினார். அவர் இறுதியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளையே சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டனர்.

இன்று ஒருவர் கூட்டத்தைத் தேடும் முறையும் அதுவே. தொலைபேசியில் ஒரு வினவல். பெயரை மறைப்பது உறுப்பினருக்காகவே; கூட்டம் நடைபெறும் இடமும் நேரமும் மறைபொருள் அல்ல. சங்கத்தின் இணையதளத்தில் ஊரின் பெயரைத் தேடினால் அவை தெரியவரும். பல நகரங்களில் சங்கத்தின் தொலைபேசி எண் உண்டு; எடுத்துப் பேசுபவர் பெரும்பாலும் குடியை விட்ட ஓர் உறுப்பினராகவே இருப்பார். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் சிகிச்சை ஆராய்ச்சி நிறுவனம் அத்தகையது.

கூட்டத்தில் இருவகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு எவரும் செல்லலாம். மாணவராகிய நீங்களும் சென்று கேட்கலாம். மூடிய கூட்டமோ குடியை விட விரும்புவோருக்கே உரியது. அவ்விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கு வேண்டிய தகுதி. கட்டணம் இல்லை, அறை வாடகைக்கும் தேநீருக்கும் இயன்றதை இடுவர். ஒருவர் எழுந்து தம் முதற்பெயரை மட்டும் கூறித் தாம் குடிநோயாளர் என்பார். பின்னர்த் தம் கதையைச் சொல்வார். பிறர் இடைமறியாது கேட்பர். மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாவா என்ற வழக்கில் இச்சங்கம் எப்பக்கமும் சேர்வதில்லை. நம் நாட்டினர்க்கு இது வியப்பாகவே இருக்கும். கடவுளைப் பற்றிய பேச்சு சிலருக்கு ஒவ்வாது; ஒரு குழு பிடிக்காவிடின் வேறொன்றை நாடலாம். முதற் கூட்டத்தை மட்டும் கண்டு முடிவு கட்டுவது அவசரம் என்பேன்.

இதனால் பயன் உண்டா? 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் பற்றி ஆராய்ந்தது. குடியை அறவே விட்டிருப்பதில், ஏ.ஏ. முறைக்கு முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை பிற உளச் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பயன் தருகிறது என்பது அதன் முடிவு.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உடல் நடுங்கும். சிலருக்கு வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரை அணுகுதல் வேண்டும். கூட்டம் மருத்துவமனைக்கு மாற்று அன்று.

குடிப்பவர் நம் தந்தையாகவோ தமையனாகவோ இருந்து, அவர் எங்கும் வர மறுத்தால் என்செய்வது? 1951இல் குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென ‘ஆலனான்’ அமைந்தது. 1957இல் பள்ளிப் பருவத்தினருக்கென ‘ஆலட்டீன்’ பிறந்தது. ஆலனான் குழுக்கள் நம் நாட்டிலும் உள்ளன. தந்தை குடியை விடும் வரை மகன் காத்திருக்க வேண்டியதில்லை. அவரை அழைத்து வா என்று அங்கே எவரும் கேட்பதும் இல்லை. வீட்டில் நிகழ்வதை வெளியே சொல்ல அஞ்சும் பிள்ளை, அங்கே முதல் நாள் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு வரலாம்.