மறுபோகம் இல்லாத வயல்

திருவண்ணாமலையைப் பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரியதாகப் போற்றுவர். ஆதலால், அம்மலை அவிந்துபோன எரிமலையோ என வினவுவோர் உண்டு. அவ்வட்டாரத்தின் அடிப்பாறைகளோ பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. பண்டைய எரிமலைப் பாறையைக் காண விழைவோர், வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்குச் செல்லவேண்டும். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் குடும்பங்கள் பல, பிழைப்பு நாடிச் சென்ற ஊர் அது.

ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பே கோலாரின் கரும்பாறை. அதில் தாதுவைச் சேர்த்தது நெருப்பன்று, வெந்நீர்! நீருக்கு அத்துணை ஆற்றலா என நாம் வியக்கலாம். சூடான பாகில் கரைந்து நிற்கும் சர்க்கரை, ஆறும்போது நூலில் கற்கண்டாகப் படிவதை அறிவோம். பாறையிலும் ஏறக்குறைய அதுவே நிகழ்கிறது.

1979-ஆம் ஆண்டில், மெக்சிக்கோவை அடுத்த பசிபிக் கடலடிக்கு ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் இறங்கிய அறிஞர்கள் இதனை நேரில் கண்டனர். பிளவுகளில் இறங்கும் கடல்நீர் சுமார் 350 டிகிரி வரை சூடேறுகிறது. மேலுள்ள நீரின் அழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுந்து, குளிர்ந்த நீரைத் தொட்டதும், அவ்வுலோகங்கள் கந்தகத்துடன் கூடிச் சல்பைடுத் தாதுக்களாகப் படிகின்றன. தோற்றத்திலோ அது கரும்புகை!

கோலாரில் பொன் வந்த வழி சற்று வேறு. எரிமலைப் பாறை புதையுண்டு மடிந்தபின், ஆழத்து வெந்நீர் கந்தகத்தின் துணையால் பொன்னைச் சுமந்து வந்தது. பாறையிலிருந்த இரும்பு அக்கந்தகத்தைக் கவர்ந்து சல்பைடாயிற்று. துணையிழந்த பொன் அங்கேயே தங்கிற்று.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கு சுரங்கப் பணியை ஏற்றனர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, நம் தொழிலாளர் பாறையைக் குடைந்தனர். சுமார் 800 டன் பொன் வெளிவந்தது. பாறைத்தூசு பலருடைய நுரையீரலை அரித்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை அரைத்த கழிவுமண் மேடுகளும், வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் மக்களுமே.

வயல் என்று அதற்குப் பெயரிட்டோம். ஆனால் நெல்வயலைப் போல் அது மீண்டும் விளைவதில்லை. கோடானுகோடி ஆண்டுகள் சேர்த்ததை 120 ஆண்டுகளில் அள்ளிவிட்டோம். மண வீட்டில் பொன்னை நிறுக்கும் நாம், அதை வெட்டியெடுத்தவரின் மூச்சையும் நிறுத்துப் பார்க்க வேண்டாமா?