நடுங்கிய கையும் அணையாத அடுப்பும்

இலண்டன் மாநகரில், சிமித்பீல்ட் இறைச்சிச் சந்தைக்கு அணித்தாயுள்ள சென் ஜோன் வீதியிலே பழைய கட்டடமொன்று உண்டு. முன்னொரு காலத்தில் பன்றியிறைச்சியைப் புகையிலிட்டுப் பதப்படுத்திய கூடம் அது. 1994ஆம் ஆண்டில் சுவர்களுக்கு வெள்ளை பூசி, அங்கே ஒரு போசனசாலையையும் மதுச்சாலையையும் திறந்தனர். வீதியின் பெயரே கடைக்கும் பெயராயிற்று. சுவரில் ஓவியம் இல்லை. காதில் விழ இசையும் இல்லை.

மரக்கறி உண்ணும் எமக்கு அங்கென்ன அலுவல் என்று நேயர்கள் வினவக்கூடும். அவ்வடுப்படியில் நின்ற மனிதரின் கதையே எம்மை ஈர்த்தது.

பேர்கஸ் ஹென்டர்சன் கட்டடக்கலை பயின்றவர். சமையற் கல்லூரி எதனையும் மிதித்தவரல்லர். 1992இல் தம் மனைவியார் மார்கொட்டுடன் சோஹோவில் ஒரு மதுக்கடையின் மாடியிலே சிறிய உணவறையொன்றை நடத்தினார். பின்னர் திறெவர் கலிவர் என்பாருடன் கூட்டுச் சேர்ந்தார். சமையல் ஒருவர் பொறுப்பு. வைனும் வியாபாரமும் மற்றவர் பொறுப்பு.

ஓர் உயிரைக் கொன்றால் அதன் எவ்வுறுப்பையும் எறியாதிருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் மரியாதை என்பது ஹென்டர்சனின் கொள்கை. கொலையை ஒப்பாத நாமும் இதிலுள்ள நேர்மையை மறுப்பதற்கில்லை. அவர் பெயரை நாடறியச் செய்த பண்டத்தைப் பாருங்கள்: கன்றின் எலும்புத் துண்டுகளைச் சூளையில் வாட்டுவர், வாட்டிய பாண், கல்லுப்பு, தேசிச்சாறு பிசறிய பார்ஸ்லி இலை ஆகியவற்றை உடன் வைப்பர். மச்சையைக் கிண்டியெடுத்துப் பாணிற் பூசி உப்புத் தூவுவது உண்பவரின் வேலை! சமையற்காரரின் கைவித்தைக்கு அதில் இடமே இல்லை.

அந்த எளிமை பின்னர் எவ்வளவு உதவிற்று என்பதை எண்ணுந்தோறும் வியக்கிறோம். 1998இல், முப்பத்தைந்து வயதளவில், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் கண்டனர். கை நடுங்கிற்று; உடல் சொற்கேளாது அசைந்தது. கூரிய கத்தியும் கொதிக்கும் சட்டியும் உள்ள இடத்தில் அத்தகையவர் எங்ஙனம் நிற்பார்? நாளடைவில் அடுப்பை விட்டு விலக நேர்ந்தது. ஆயினும் கடை சாயவில்லை. முறை அவருடையது, கைகள் இளைஞருடையவை. 1999இல் அம்முறையை நூலாகவும் எழுதி வெளியிட்டார். கலிவர் மறுபுறத்தைத் தாங்கினார். 2003இல் ஸ்பிற்றல்பீல்ட்சில் கிளையொன்றும் தோன்றியது.

2005இல் ஹென்டர்சன் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். மூளையின் ஆழத்தில் நுண்ணிய மின்முனைகளைப் பதித்து, மார்பின் தோலுக்குக் கீழே வைக்கப்படும் சிறு கருவியோடு இணைக்கும் சிகிச்சை அது. கருவி இடையறாது அனுப்பும் மின்துடிப்பு, பிழைபட்ட நரம்புச் செய்திகளை அடக்குகிறது. நோய் அகல்வதில்லை, நடுக்கம் தணிகிறது. ஹென்டர்சனுக்கும் பெரிதும் தணிந்தது. 2009இல் மிஷலின் வழிகாட்டி அக்கடைக்கு ஒரு நட்சத்திரம் அளித்தது.

முற்பகல் பதினொரு மணிக்கு விதைக் கேக் ஒரு துண்டும் மதீரா வைன் ஒரு கிண்ணமும் கொள்வது ஹென்டர்சன் போற்றிய வழக்கம். கேக்கை மட்டும் நாமும் ஏற்கலாம்.