குடிமக்கள் இயற்கைக் காப்புப் படை

குடிமக்கள் இயற்கைக் காப்புப் படை என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை இயங்கிய அரசு வேலைத்திட்டம் ஆகும். பெரும் பொருளியல் வீழ்ச்சியின்போது வேலையற்றிருந்த, திருமணமாகாத இளைஞர்களைக் காட்டுவள, மண்வளப் பணிகளில் அமர்த்தக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் இதைத் தொடங்கினார். படை எனப்பட்டாலும் இது போர்ப்படை அன்று. எனினும் முகாம்களை நடத்தியது இராணுவமே.

தொடக்கத்தில் 18 முதல் 25 அகவையினர் சேர்க்கப்பட்டனர். உணவு, உடை, உறைவிடத்துடன் மாதம் 30 டாலர் ஊதியம் வழங்கப்பட்டது. அதில் பெரும்பாலும் 25 டாலர் குடும்பத்துக்கு நேரடியாக அனுப்பப்பட்டது. ஓர் இளைஞன் முகாமில் மண்வெட்டி பிடித்தால் தொலைவில் ஒரு வீட்டில் அடுப்பெரிந்தது எனலாம்.

ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இதில் பணியாற்றி, சுமார் 300 கோடி மரங்களை நட்டனர். காட்டுத்தீயை அணைத்தல், மண்ணரிப்பைத் தடுத்தல், பூங்காக்களில் பாதை அமைத்தல் ஆகியவையும் இவர்களது பணிகள். மாலை வகுப்புகளில் பல்லாயிரவர் எழுதப் படிக்கக் கற்றனர்.

இனம், நிறம், சமயம் பற்றிய பாகுபாடு கூடாது என்று 1933ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. அவ்விதியைச் சேர்ப்பித்தவர் ஆசுக்கர் டி பிரீசுட்டு என்னும் கறுப்பினப் பேராய உறுப்பினர். ஆயினும் 1935இல் இயக்குநர் இராபர்ட் பெக்னர் கறுப்பினத்தவருக்குத் தனி முகாம்களை வலியுறுத்தினார். சட்டம் ஏட்டளவில் நின்றது. பெண்களுக்கு இப்படையில் இடமில்லை.

போர்க்காலத்தில் வேலைவாய்ப்புப் பெருகவே, 1942இல் பேராயம் நிதியை நிறுத்தியது. கைவிடப்பட்ட முகாம்கள் சில பின்னர்ப் போர்க்கைதிகளை அடைக்கப் பயன்பட்டன.